நாற்பத்திமூணு காலிக் கட்டம்

எங்க அண்ணனுக்குத் தெருவுல ‘கேள்விக்குறி’ன்னுதான் பேர். வீட்டுல வச்ச பேரைச் சொல்லிக் கேட்டா டீக்கடைக்காரரே முழிப்பாரு. கேள்விக்குறி சார் இருக்காரான்னு கேட்டாத்தான், “மாடியில ரெண்டாவது கதவு, காலை ஆட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பாரு”ன்னு வழி சொல்லுவாரு. உட்கார்ந்திருப்பாருங்கறதும் ஒரு பேச்சுக்குத்தான். ரெண்டு நிமிஷம் திரையைப் பார்ப்பான், எழுந்து பிரிண்டர்கிட்ட போவான், ஜன்னலைத் திறப்பான், அதையே மூடுவான், பாதி டீயை ஆற விட்டுட்டு இன்னொரு டீ சொல்லுவான். கூட உட்கார்ந்து வேலை பார்க்கறவளுக்குத் தலை சுத்தும். அது நான்தான், பதினாறு வருஷமா. வயசு நாற்பது ஆகியும் அவனுக்கு நான் பாப்பா. வந்தவங்க போனவங்க முன்னாடியெல்லாம் “பாப்பா, அந்த ஃபைலை எடு”ம்பான். எத்தனை தடவை சொல்லியாச்சு, கேட்டாத்தானே.

எங்க வேலை என்னன்னு சொல்லிடறேன். புத்தகம், அட்டை, படிவம், பெயர்ப்பட்டியல், எதுவா இருந்தாலும் கம்ப்யூட்டர்ல பக்கம் அமைச்சு, கீழ இருக்கற அச்சகத்துக்குக் கொடுக்கறது. ஒரே மாதிரி அட்டை ஐந்நூறு வேணும், ஆளுக்கு ஆள் விவரம் மட்டும் மாறணும்னு வச்சுக்குங்க. ஐந்நூறையும் கையால அடிச்சா ஆயுசு போயிடும். அதுக்கு அண்ணன் மேக்ரோ எழுதுவான். மேக்ரோன்னா பெரிய மாயம் ஒண்ணுமில்லை, ஒரு தடவை எழுதி வச்ச கட்டளை. “அட்டவணைக்குப் போ, பதினேழாம் எண் வரிசையைப் பிடி, ரத்த வகைக் கட்டத்துல என்ன இருக்குன்னு பாரு, எடுத்துட்டு வந்து இந்த இடத்துல வை.” அவ்வளவுதான். அட்டவணையைத் தட்டச்சு பண்றது நான், மேக்ரோ எழுதறது அவன். இதுதான் எங்க பிழைப்பு.

வில்லங்கம் எங்கன்னா, மேக்ரோ தேடிப் போன கட்டம் காலியா இருந்தா என்ன பண்றதுங்கறதுலதான்.

அண்ணன் தொழிலுக்கு வந்த புதுசுல ஒரு சங்கத்துக்கு உறுப்பினர் கையேடு பண்ணிக் கொடுத்தான். பேர், முகவரி, மனைவி பேர், ஃபோன் எண். எழுநூறு பேர். அவனோட மேக்ரோ மனைவி பேரைத் தேடி எடுத்து கம்ப்யூட்டர் ஞாபகத்துல இருக்கற ஒரு டப்பாவுல போடும், அப்புறம் டப்பாவுல இருக்கறதைப் பக்கத்துல பதிக்கும். கல்யாணம் ஆகாதவருக்குக் கட்டம் காலி. மேக்ரோவுக்கு எடுக்க ஒண்ணும் கிடைக்கலை. ஆனா முதல்ல டப்பாவைக் காலி பண்ணுன்னு அதுக்கு யாரும் சொல்லலையே! உள்ள முந்தின ஆளோட மனைவி பேர் அப்படியே கிடந்தது. அதையே தூக்கிப் பதிச்சுடுச்சு. கையேடு வெளிய வந்த அன்னைக்குச் சங்கத்துல முப்பத்தெட்டு பிரம்மச்சாரிக்கு ஒரே நாள்ல கல்யாணம், அதுவும் அடுத்தவன் பெண்டாட்டியோட. செயலாளர் நேர்ல வந்து கத்தின கத்தல்ல கீழ மெஷினையே நிறுத்திட்டு வேடிக்கை பார்த்தாங்க. அண்ணன் ஒரு மாசம் அந்தச் சங்கத்துப் பக்கம் தலைகாட்டலை.

அதுக்கப்புறம் வந்ததுதான் கேள்விக்குறி. தேடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் டப்பாவைக் கவிழ்த்துடணும். கட்டம் காலின்னா தடியா, கறுப்பா ரெண்டு கேள்விக்குறி விழணும். அந்த ஆளே அட்டவணையில இல்லைன்னா மொத்த வேலையும் நின்னுடணும். “ஒருத்தருக்கு ஒண்ணு இல்லைங்கறது வேற. இருக்கா இல்லையான்னு நமக்குத் தெரியலைங்கறது வேற. ரெண்டையும் ஒரே மாதிரி அச்சடிச்சா அது பச்சைப் பொய்”ம்பான். சொல்லும்போது கை ரெண்டும் காத்துல கட்டம் போடும், பக்கத்துல நின்னா மூஞ்சியில படும்.

அண்ணிக்கு இவனைப் பிடிச்சதே இதனாலதான். கல்யாணப் பேச்சு நடந்தப்ப, பெண் வீட்டுக்குக் கொடுத்த விவரத் தாள்ல உயரம்ங்கற இடத்துல “அளந்து பார்க்கவில்லை”ன்னு எழுதிக் கொடுத்திருந்தான் புண்ணியவான். பையனுக்குக் கிறுக்கான்னு அண்ணியோட அப்பா கேட்டாராம். “ரெண்டு இஞ்ச் கூட்டி எழுதாத ஆம்பளையை இப்பதான்பா பார்க்கறேன்”னு அண்ணி சிரிச்சுக்கிட்டே சரின்னுட்டாங்க.

வாடிக்கையாளர் யாரும் அப்படிச் சிரிக்க மாட்டாங்க. “என்ன சார், காசு வாங்கிட்டு எங்களையே கேள்வி கேக்கறீங்க”ம்பாங்க. “பதில் உங்ககிட்டதான் இருக்கு, எழுதிட்டு வாங்க”ம்பான். ரெண்டு பக்கமும் மூக்குக்கு மேல கோபம் வரும். போன வருஷம் மட்டும் ரெண்டு பேர் இதுக்காகவே வேற இடம் பார்த்துட்டாங்க. அவன் கவலைப்படலை. அவன் பங்குக்கும் சேர்த்து நான்தான் பட்டேன்.

இந்த நிலைமையிலதான் பள்ளிக்கூடத்து வேலை வந்தது. அவங்க ஆண்டு டைரி, மதிப்பெண் அட்டை எல்லாம் எங்ககிட்டதான். சின்ன வகுப்புப் பிள்ளைங்க நூத்தி எண்பத்தாறு பேரை ஒரு பிஸ்கட் ஃபாக்டரியைச் சுத்திக் காட்ட அழைச்சுட்டுப் போறாங்க, எல்லாருக்கும் கழுத்துல மாட்டற அட்டை வேணும்னாங்க. பேர், வகுப்பு, ரத்த வகை, வீட்டு ஃபோன், கடைசியா ஒவ்வாமை, அதாவது உடம்புக்கு எது ஆகாதுங்கற விவரம். அது ஒப்புக்குப் போட்ட கட்டம் இல்லை. சுத்திப் பார்த்து முடிச்சதும் ஆளுக்கு ஒரு பொட்டலம் பிஸ்கட் கொடுப்பாங்க. வேர்க்கடலை போட்டது ஒரு கூடை, போடாதது ஒரு கூடை. எந்தக் கூடையிலேர்ந்து கொடுக்கறதுன்னு அட்டையைப் பார்த்துத்தான் முடிவு பண்ணுவாங்க. இது எனக்கு நல்லாத் தெரியும். அட்டையோட பின்பக்கத்துல அதை அடிச்சவளே நான்தான்.

பெத்தவங்க நிரப்பின படிவக் கட்டைப் பார்த்து அட்டவணையில ஏத்தினேன். பன்னிரண்டு பேருக்கு முட்டை, பால், தூசின்னு ஏதோ ஒண்ணு ஆகாது. நூத்தி முப்பத்தொரு பேர் வீட்டுல “இல்லை”ன்னு எழுதியிருந்தாங்க. பாக்கி நாற்பத்திமூணு பேருக்குக் கட்டம் காலி. காலியை நானும் காலியாவே விட்டேன். படிவக் கட்டைப் பள்ளிக்கூடத்து ஆள் திரும்ப வாங்கிட்டுப் போயிட்டாரு. அண்ணன் மேக்ரோவை ஓட்டினான். நாற்பத்திமூணு அட்டையில கேள்விக்குறி.

மாதிரித் தாளைப் பார்க்கத் தலைமை ஆசிரியை நேர்லயே வந்துட்டாங்க. மாடிப்படி ஏறின மூச்சு அடங்கலை, அதுக்குள்ள ஆரம்பிச்சாச்சு.

“என்ன சார் இது! பிள்ளைங்க கழுத்துல கேள்விக்குறியைத் தொங்கவிட்டு அழைச்சுட்டுப் போகச் சொல்றீங்களா? பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க?”

“கேக்காம விட்டிருக்காங்கன்னு நினைப்பாங்க. நிஜம்தானே மேடம்.”

“நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு பஸ் கிளம்புது!”

“நாற்பத்திமூணு ஃபோன் மேடம். ரெண்டு பேர் உட்கார்ந்தா ஒரு மணி நேரம்.”

“அதை நீங்க பண்ணக் கூடாதா?”

“கேக்கறது உங்க வேலை. கேக்கலைன்னு காட்டறது எங்க வேலை.”

நான் தலையில அடிச்சுக்கிட்டேன். இந்த மனுஷனுக்கு ஒரு வார்த்தை இறங்கிப் பேச வராது. அடுத்த வருஷ டைரி, மதிப்பெண் அட்டை எல்லாம் கதவைத் தாண்டிப் போறது என் கண்ணுக்கே தெரிஞ்சது. அவன் லேமினேஷன் கடைக்குப் போறேன்னு விருட்டுன்னு இறங்கிப் போயிட்டான். மேடம் மாதிரித் தாளை மடிச்சுக் கைப்பையில திணிச்சுக்கிட்டு என் பக்கம் திரும்பினாங்க. “நீயாவது பார்த்து முடிச்சுக் கொடும்மா”ன்னாங்க. கோபமா சொல்லியிருந்தா நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன், அவங்க கெஞ்சினாங்க.

நான் ஃபோனைக் கையில எடுத்தேன், அது நிஜம். மூணு வீட்டுக்கு அடிச்சேன். ரெண்டு பேர் எடுக்கலை. மூணாவது ஆள் மீட்டிங்ல இருக்கேன்னு வச்சுட்டாரு. மணி நாலு. ஆறு மணிக்குள்ள அட்டை லேமினேஷனுக்குப் போயாகணும். எரிச்சல் பொத்துக்கிட்டு வந்தது. எழுதலைன்னா ஒண்ணுமில்லைன்னுதானே அர்த்தம், பிள்ளைக்கு ஒண்ணு இருந்தா எந்தப் பெத்தவங்க எழுதாம விடுவாங்கன்னு எனக்கு நானே வக்காலத்து வாங்கிக்கிட்டேன். அட்டவணையைத் திறந்தேன். ஒவ்வாமைங்கற இடத்துல எங்கெங்க காலியோ அங்கெல்லாம் “இல்லை”ன்னு போடுன்னு ஒரே கட்டளை. நாற்பத்திமூணு இடத்துல மாறினதாத் திரையில வந்தது. சேமிச்சேன், மேக்ரோவை மறுபடி ஓட்டி அட்டையை அச்சுல எடுத்தேன். அப்பாடான்னு இருந்தது.

அண்ணன் திரும்பி வந்து புது அட்டைகளைப் புரட்டினான்.

“பாப்பா, நாற்பத்திமூணு பேரையும் கேட்டுட்டியா?”

“ம்.”

“எல்லாருமா இல்லைன்னுட்டாங்க?”

“ஆமாண்ணா.”

அட்டைக் கட்டை மேஜை மேல வச்சான். “நான் வாய்ச்சண்டை போட்டுட்டு ஓடிப் போயிட்டேன். நீ உட்கார்ந்து ஒவ்வொருத்தரா கேட்டிருக்க பாரு”ன்னான். எனக்குக் காது ரெண்டும் கொதிச்சது. அப்பவாவது சொல்லியிருக்கலாம். சொல்லலை.

மறுநாள் காலையில ஒன்பதரை மணிக்குப் பக்கத்துக் கடை தையல்கார அக்கா கதவுல எட்டிப் பார்த்தாங்க. அவங்க பொண்ணும் அந்தப் பள்ளிக்கூடம்தான், பஸ் ஏத்திவிட்டுட்டு வர்றாங்க.

“கேள்விக்குறி சார், ஒரு சந்தேகம். என் பொண்ணு அட்டையில ஒவ்வாமை இல்லைன்னு போட்டிருக்கே, உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நீங்கதானே சொன்னீங்க. நேத்து பாப்பா ஃபோன் பண்ணினாளே.”

“எனக்கா? யாரும் பண்ணலையே. அவளுக்கு ஒண்ணும் கிடையாது, அது வேற விஷயம். கட்டத்தை நிரப்பாம விட்டுட்டோமேன்னு பஸ்கிட்ட டீச்சரைத் தேடிக்கிட்டிருந்தேன், பார்த்தா அச்சாகியே வந்திருக்கு. பரவாயில்லையே, கம்ப்யூட்டருக்கு எல்லாம் தெரியுதேன்னு நினைச்சேன்.”

அண்ணனோட கால் ஆட்டம் நின்னுடுச்சு. பதினாறு வருஷத்துல நான் அதைப் பார்த்ததே இல்லை.

“பாப்பா, யாரைக் கேட்ட?”

“மூணு பேருக்கு அடிச்சேண்ணா...”

“யாரைக் கேட்ட?”

“யாரையும் கேக்கலை.”

கத்துவான்னு நினைச்சேன். கத்தலை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டு, “சரி, காலின்னா இல்லைன்னு போடச் சொல்லி மேக்ரோல மாத்தியிருப்ப. அட்டவணை அப்படியேதானே இருக்கும். காலிக் கட்டம் எது எதுன்னு இப்ப எடுத்துடலாம்”னு விசைப்பலகை மேல கையை வச்சான். “அட்டவணையிலயே மாத்திட்டேண்ணா”ன்னேன். மேக்ரோல மாத்தியிருந்தா கூட அட்டவணை பிழைச்சிருக்கும். நான் கையை வச்சது அட்டவணையிலயே. வீட்டுல யோசிச்சு எழுதின நூத்தி முப்பத்தொரு “இல்லை”யும், நான் அள்ளித் தெளிச்ச நாற்பத்திமூணு “இல்லை”யும் ஒண்ணாக் கலந்து கிடக்குது, உப்பையும் சர்க்கரையையும் ஒரே டப்பாவுல கொட்டின மாதிரி.

“பழைய பிரதி?”

“அதுக்கு மேலயே சேமிச்சுட்டேன்.”

“மாதிரித் தாள்?”

“மேடம் எடுத்துட்டுப் போயிட்டாங்க.”

“இல்லைன்னு போட்ட அட்டை நூத்தி எழுபத்திநாலு பிள்ளைங்க கழுத்துல”ன்னான். தையல்கார அக்காவுக்கு அப்பதான் விஷயம் புரிஞ்சு, வாசற்படியிலயே உட்கார்ந்துட்டாங்க.

அதுக்கப்புறம் கையும் ஓடலை காலும் ஓடலை. பள்ளிக்கூடத்து ஆபீசுக்கு அடிச்சோம். படிவக் கட்டு மேடம் கூட பஸ்ல போயிடுச்சாம். மேடத்துக்கு அடிச்சா மணி அடிச்சுக்கிட்டே இருக்கு. ஃபாக்டரிக்குள்ள ஃபோன் கூடாதாம், வாசல்லயே வாங்கிப் பூட்டிடுவாங்களாம். ஃபாக்டரி எண்ணுக்கு அடிச்சோம். வரவேற்புல ஒரு பொண்ணு எடுத்துச்சு.

“அட்டையைப் பார்த்துத்தான் சார் கொடுப்போம், கவலையே படாதீங்க.”

“அதாம்மா கவலை! அட்டை தப்பு. யாருக்குமே கடலை பிஸ்கட் கொடுக்காதீங்கன்னு உள்ள சொல்லுங்க.”

“இன்னிக்கு மூணு பள்ளிக்கூடம் வந்திருக்கு சார். சூப்பர்வைசர் வந்ததும் சொல்றேன்.”

அண்ணன் ஃபோனை வச்சான். “சொல்றேன்னு சொன்னா சொல்லிட்டாங்கன்னு அர்த்தம் இல்லை”ன்னான், சாவியை எடுத்தான். நான் தையல்கார அக்காகிட்ட நூத்தி எழுபத்திநாலு ஃபோன் எண்ணையும் அச்சடிச்சுக் கொடுத்தேன். “நீங்க போங்க, நான் ஒவ்வொருத்தருக்கா அடிக்கறேன். ஆகாத பிள்ளை யாருன்னு தெரிஞ்சா கூப்பிடறேன்”னாங்க. மணி பத்து. பதினொன்றரைக்குப் பிஸ்கட் கொடுப்பாங்கன்னு அட்டைக்குப் பின்னாடி நானே அடிச்சிருந்தேன்.

ஸ்கூட்டர்ல பின்னாடி உட்கார்ந்துக்கிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சிக்னல் ஒவ்வொண்ணும் எங்களைப் பார்த்துத்தான் சிவப்பாச்சு. அண்ணன் முதுகு பலகை மாதிரி விறைச்சுக் கிடந்தது.

“அண்ணா, ரெண்டு திட்டு திட்டிடேன். தாங்க முடியலை.”

“வண்டி ஓட்டறேன்ல.”

“நான் ஏன் பண்ணினேன்னா...”

“பொய் சொன்னதை அப்புறம் பேசிக்கலாம். காலியா இருந்த படிவம் எதெது, அதை மட்டும் யோசி.”

யோசிச்சேன். கண்ணை மூடிக்கிட்டு யோசிச்சேன். தையல்கார அக்கா பொண்ணு ஒண்ணு. மஞ்சள் தாள்ல வந்தது ஒண்ணு. இன்னொரு படிவத்துல அந்தக் கட்டத்துக்குள்ள பேனாவை ஊன்றின புள்ளி இருந்தது. யாரோ எழுத ஆரம்பிச்சு நிறுத்தியிருக்காங்க. புள்ளி ஞாபகம் இருக்கு, பேர் ஞாபகம் இல்லை. ரெண்டு நாள் முன்னாடி அதைப் பார்த்துட்டு, ஒரு நொடி கூட நிக்காம அடுத்த தாளைப் புரட்டினவ நான். என் கையை நானே கிள்ளிக்கிட்டேன்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி. அது பாட்டுக்கு ஆடி அசைஞ்சு போகுது, பெட்டி முடியவே மாட்டேங்குது. அண்ணன் இறங்கி வண்டியைச் சுத்திச் சுத்தி நடந்தான். என் ஃபோன் அடிச்சது, தையல்கார அக்கா. “முப்பத்தோரு பேர் ஆச்சும்மா. யாருக்கும் ஒண்ணுமில்லை. பதினெட்டு பேர் எடுக்கலை. ஒருத்தர் லோன் வேண்டாம்னு திட்டிட்டு வச்சுட்டாரு. மறுபடி அடிச்சு, நான் தையல்காரின்னு சொல்லிக் கேட்டேன்.” வேற சமயமா இருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பேன். கேட் திறக்கும்போது மணி பத்தே முக்கால் ஆகியிருந்தது.

ஃபாக்டரி வாசல்ல போய் இறங்கும்போது பதினொண்ணு முப்பத்தஞ்சு. வெண்ணெய் வாசனை வாசல் வரைக்கும் வீசுது. காவலாளி ஒரு பெரிய பதிவேட்டை நீட்டினாரு. பேர், ஊர், வண்டி எண், யாரைப் பார்க்க, என்ன விஷயம்.

“ஐயா, அவசரம். பிள்ளைங்க உயிர் சம்பந்தப்பட்டது.”

“இருக்கட்டும்மா. எல்லாக் கட்டத்தையும் நிரப்பிட்டுப் போங்க. காலியா விட்டா என்னைத்தான் கேப்பாங்க.”

அண்ணன் பேனாவைப் பிடுங்கினான். “நான் எழுதறேன். நீ ஓடு”ன்னான். என் ஃபோனை அவன் கையில திணிச்சுட்டு ஓடினேன். செருப்பு ஒண்ணு கழண்டு எங்கயோ போச்சு, திரும்பிப் பார்க்கலை.

நீளமான கூடம். வரிசை வரிசையா மேஜை, காகிதத் தொப்பி போட்ட பிள்ளைங்க, காதைப் பிளக்கற சத்தம். ரெண்டு பொம்பளைங்க கூடையைத் தூக்கிக்கிட்டு ஒவ்வொரு அட்டையாத் தூக்கிப் பார்த்து, எவ்வளவு பொறுப்பா, பொட்டலம் கொடுத்துக்கிட்டே வர்றாங்க. முக்கால்வாசி மேஜை முடிஞ்சிருந்தது.

“யாரும் சாப்பிடாதீங்க!”ன்னு கத்தினேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியலை. “கையில இருக்கறதை மேஜை மேல வைங்க! வாயில இருந்தா துப்புங்க!”

கூடமே அமுங்கிப் போச்சு. தலைமை ஆசிரியை ஓடி வந்தாங்க. “ஏம்மா, என்ன ஆச்சு உனக்கு?”

“அட்டை தப்பு மேடம்.”

“எந்த அட்டை தப்பு?”

“எதுன்னு தெரியலை மேடம். அந்தக் காலிக் கட்டம் நாற்பத்திமூணையும் யாரையும் கேக்காம நானே நிரப்பிட்டேன்.”

அவங்க முகம் வெளுத்துப் போச்சு. நேத்து என்கிட்ட பார்த்து முடிச்சுக் கொடுன்னு சொன்னது அவங்களுக்கும் ஞாபகம் வந்திருக்கும். பிள்ளைங்க பக்கம் திரும்பிக் கையைத் தட்டினாங்க. “கடலை சாப்பிட்டா யாருக்காவது உடம்புக்கு ஆகாதா? கையைத் தூக்குங்க.”

பிள்ளைங்கதானே, பாதிக் கூடம் கையைத் தூக்குச்சு. ஒருத்தன் எழுந்து நின்னு, “எனக்குக் கணக்கு ஆகாது டீச்சர்”னான். எல்லாம் கொல்லுன்னு சிரிச்சுதுங்க. நான் ஒரு கால்ல செருப்போட மேஜை மேஜையா ஓடினேன், ஒவ்வொரு முகத்தையும் வாயையும் பார்த்துக்கிட்டு.

பொட்டலம் கொடுத்து முடிஞ்சிருந்த கடைசி மேஜை ஓரத்துல ஒரு பொண்ணு, ஏழு வயசு இருக்கும். கை தூக்கலை. தொப்பி கண்ணு வரைக்கும் இறங்கிக் கிடக்கு. மத்த பிள்ளைங்க எல்லாம் பொட்டலத்தைக் கீழ வச்சுட்டாங்க, இவ வைக்கலை. ஒரு பிஸ்கட்டை ரெண்டு கையாலயும் பிடிச்சு மோந்து பார்த்துக்கிட்டிருந்தா. மேல பருப்புப் பருப்பா வேர்க்கடலை. கடிச்ச அடையாளம் இல்லை. நான் அதை அவ கையிலேர்ந்து வாங்கினேன், பிடுங்கினேன்னுதான் சொல்லணும்.

“உனக்குக் கடலை ஆகுமாம்மா?”

“முன்னாடி ஆகாது. இப்ப ஆகும்.”

“யார் சொன்னா?”

கழுத்துல கிடந்த அட்டையைத் தூக்கிக் காட்டினா. “இல்லைன்னு போட்டிருக்கே. பஸ்ல படிச்சேன்.”

அங்கயே தரையில உட்கார்ந்துட்டேன்.

“முன்னாடி சாப்பிட்டா என்ன ஆகும்?”

“மூச்சு வராது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுவாங்க. ரெண்டு தடவை.”

“படிவத்தை யாரும்மா எழுதினா?”

“அப்பா. அம்மா ஊர்ல இல்லை. மருந்துப் பேர் அம்மாவுக்குத்தான் தெரியும், கேட்டுட்டு ரெண்டையும் சேர்த்து எழுதறேன்னாரு.” கொஞ்சம் யோசிச்சு, “மறந்துட்டாரு போல”ன்னா. அப்புறம் என் கையில இருந்த பிஸ்கட்டையே பார்த்துக்கிட்டு, “அதை அம்மாவுக்கு எடுத்து வைக்கலாமா, நானே சாப்பிடலாமான்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன். எனக்கு ஆகாதுன்னு அம்மாவும் கடலையே சாப்பிட மாட்டாங்க. இனிமே சாப்பிடலாம்ல”ன்னா.

பின்னாடி அண்ணன் வந்து நிக்கற மூச்சு கேட்டது. வாசல்ல கொடுக்காமலே கொண்டு வந்த என் ஃபோன் அவன் கையில அடிச்சுக்கிட்டிருக்கு, எடுக்கலை. அவன் பதில் சொல்லட்டும்னு ஒரு நொடி நான் காத்திருந்தேன், வெக்கக்கேடு. சொல்ல வேண்டியவ நான்தானே.

“அட்டை தப்பும்மா. உங்க வீட்டுல கேக்காம நான்தான் அப்படி அடிச்சுட்டேன்.”

“அப்ப எனக்கு இன்னும் இருக்கா?”

“இருக்கும்மா.”

அழுவான்னு நினைச்சேன். அழலை. உதட்டைக் கடிச்சுக்கிட்டு ரெண்டு உள்ளங்கையையும் விரிச்சுப் பார்த்தா. “தொட்டுட்டேனே. சோப்பு போட்டுக் கழுவணும். மூஞ்சியில வைக்கக் கூடாது”ன்னா, பெரிய மனுஷி மாதிரி. கையை உடம்புல படாம முன்னாடி நீட்டிக்கிட்டே எழுந்து நடந்தா. அண்ணன் அதுக்குள்ள அடுத்த மேஜைக்குப் போய், குனிஞ்சு, ஒவ்வொரு பிள்ளையா பேர் சொல்லிக் கேக்க ஆரம்பிச்சுட்டான்.

குழாய் அவளுக்கு எட்டலை. நான் திறந்துவிட்டேன். விரலுக்கு விரல், நகத்து இடுக்கு, மணிக்கட்டுன்னு அவ அம்மா சொல்லிக் கொடுத்த மாதிரியே தேய்ச்சா. என் கண்ணுலேர்ந்துதான் கொட்டிக்கிட்டிருந்தது. ரெண்டு தடவை சோப்பு போட்டுட்டு, ஈரக் கையை என் முகத்துக்கு நேரா நீட்டி, “வாசனை போயிடுச்சான்னு பாருங்க ஆன்ட்டி”ன்னா. குனிஞ்சு பத்து விரலையும் ஒண்ணொண்ணா மோந்து பார்த்தேன். பார்த்துட்டுத்தான் போயிடுச்சுன்னு சொன்னேன்.